கதவோரத்து நாற்காலி

என் பொண்டாட்டி வாத்தியார். நான் தையல்காரன். எங்க வீட்டுல என் ஊசியால கிழிஞ்சதைவிட அவ கறுப்புப் பேனாவால பாழான துணிதான் ஜாஸ்தி. கேட்டா, "பாடம் தயார் பண்றேன், தாளுக்கு அடியில மை உறிஞ்ச விரிச்சேன்"ம்பா. அட, அதுக்குத் தலையணை உறைதானா கிடைச்சுது?

அவ எடுக்கிற விதமே தனி. எங்க ஊர்ல மேயரா இருந்து காலமான ஒரு அம்மாவைப் பத்திப் பாடம். மத்தவங்க பிறந்த தேதி, கட்டின பாலம்னு எழுதிப் போடுவாங்க. இவ யாருன்னே சொல்லாம, பழைய போட்டோ நாலைப் பசங்க முன்னாடி வெச்சா. "இவங்க எப்படிப்பட்டவங்க? வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க, படத்துல சாட்சி காட்டுங்க." அப்புறம் அந்தம்மா பேசின பேச்சை அச்சடிச்சுக் கொடுத்து, வேண்டாத வார்த்தையெல்லாம் கறுப்பால அடிக்கச் சொன்னா. மிஞ்சினது கவிதை. ஒரு வார்த்தை கூடச் சேர்க்கக் கூடாது.

தலைமையாசிரியருக்கு இது சுத்தமாப் பிடிக்கல. "பெரிய மனுஷி பேச்சுல கறுப்படிக்கிறதா? பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அவங்க மக வராங்க. அவங்க முகம் சுளிச்சா, இந்த விளையாட்டு அன்னிக்கோட சரி"ன்னுட்டார். அன்னிக்கு ராத்திரி இவ சரியாவே சாப்பிடல. எனக்கு அந்த ஆள் மேல வந்த கோபம் இருக்கே!

கண்காட்சிக்குத் திரை தைச்சவன்ங்கிற சாக்குல நானும் போய் நின்னேன். மக வந்தாங்க. அறுபது வயசு இருக்கும், விறைப்பான ஆளு. கடைசி பெஞ்சு பொண்ணு ஒட்டின தாள் முன்னாடி நின்னுட்டாங்க. குடிதண்ணீர்த் திட்டப் பேச்சு அது: 'விளக்கு எரியும் கடைசி வீட்டுக்கு, குழந்தை தூங்கும் முன், தண்ணீர் வந்துவிட வேண்டும். அதற்கு நான் பொறுப்பு.' அந்தப் பொண்ணு அடிச்சது போக மிஞ்சினது:

விளக்கு எரியும் வீட்டுக்கு
குழந்தை தூங்கும் முன்
வந்துவிட வேண்டும்
நான்

"எங்கம்மா இப்படிச் சொல்லவே இல்ல. யார் எழுதச் சொன்னது?"

தலைமையாசிரியர் என் பொண்டாட்டியை முறைச்சார். இவளோ, 'நீயே சொல்லு'ங்கிற மாதிரி அந்தப் பொண்ணைப் பார்த்துத் தலையாட்டினா.

"அவங்க வார்த்தைதான் மேடம். நாங்க எதுவும் சேர்க்கல."

"அவங்க வீட்டுக்கு ஏங்கினாங்கன்னு உனக்கு யார் சொன்னா? நான் தூங்கின பிறகுதான் வருவாங்க. எத்தனை நாள் கோபத்துல தூங்கற மாதிரி நடிச்சிருக்கேன் தெரியுமா?"

பொண்ணு பயப்படல. பக்கத்துல மாட்டியிருந்த நாலு போட்டோவையும் விரலால காட்டினா. "எல்லாத்துலயும் கதவோரத்து நாற்காலிலதான் உட்கார்ந்திருக்காங்க மேடம். மேயருக்குப் போட்ட நடு நாற்காலி காலியா இருக்கு. பை மடியிலேயே இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் ஓடணும்னு நினைக்கிறவங்கதான் அப்படி உட்காருவாங்க."

மக கண்ணாடியைக் கழட்டிட்டு ஒவ்வொரு படமாக் குனிஞ்சு பார்த்தாங்க. நாலாவது படத்துக்கிட்ட வந்ததும் சின்னப் புள்ள மாதிரி தேம்பி அழுதாங்க. "இந்தப் படமெல்லாம் எங்க வீட்டுக் கூடத்துலயே மாட்டியிருக்கு. நான் இதைக் கவனிச்சதே இல்லையே"ன்னாங்க.

அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. தலைமையாசிரியர், "அடுத்த வருஷமும் நடத்துங்க டீச்சர்"னார், ஏதோ அவரே கண்டுபிடிச்ச மாதிரி.

அவர் கிடக்கட்டும். அடிச்சுச் சொல்றேன், என் பொண்டாட்டி மாதிரி வாத்தியார் இந்த ஊர்லயே கிடையாது. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் நானே ஒரு பழைய தலையணை உறையை எடுத்து அவ பேனா பக்கத்துல வெச்சேன்.