வெள்ளையில் கசிந்த சிவப்பு

சென்ற ஆண்டு கணபதி கரைப்பு முடிந்த மறு வாரம். புணேயில், பிம்ப்ரி பக்கம் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் கழிப்பறையில், ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு அதைப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் மூன்று நான்கு சொட்டு ரத்தம். எனக்கு வயது ஐம்பத்தொன்று.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் தரப் பரிசோதகன் நான். வார்ப்புத் துண்டின் மேல் சிவப்புச் சாயம் தடவி, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி போன்ற ஒன்றைத் தெளிப்போம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்காவது இருந்தால், அதற்குள் ஒளிந்திருக்கும் சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாகக் கசியும். கசிந்தால் அந்தத் துண்டு கழிவுப் பெட்டிக்குத்தான். மேலாளர் வந்து கெஞ்சினாலும் விடமாட்டேன். அப்பேர்ப்பட்டவன் அன்று காலை என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீரைத் திறந்துவிட்டு, 'பாஸ்' என்று சொல்லாத குறையாக வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

காரணமும் கைவசம் இருந்தது. முந்தின நாள் ஞாயிறு, நண்பர்களோடு மிசல், முளைப்பயறில் காரக் குழம்பு ஊற்றித் தின்னும் மராத்திப் பலகாரம். அந்தச் சிவப்பு எண்ணெய்க் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டவன் நான். உள்ளே போன சிவப்பு வெளியே வருகிறது, அவ்வளவுதான் என்று தீர்ப்பு எழுதினேன். வியாழக்கிழமை மறுபடி வந்தது. கூடவே கண்ணாடிச் சில்லால் கீறியது போல ஓர் எரிச்சல். நாலு நாளைக்கு முன் தின்ற மிசல் அவ்வளவு விசுவாசமாகவா இருக்கும்?

உண்மையில் பயம் வேறு. என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. 'சூடு' என்றார். வெந்தயம் விழுங்கினார், மோர் குடித்தார், ஒன்றரை வருடம் ஓட்டினார். அது சூடு இல்லை, குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவரால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. அவர் மகன் நான் என்ன செய்தேன்? ஆலை கேன்டீனில் மூன்று டம்ளர் மோர் குடித்தேன்.

சாப்பாட்டு இடைவேளையில் போனில் தேடவும் செய்தேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்களே என்று தமிழில் தட்டினேன். பிம்ப்ரி கேன்டீனில் தமிழைவிடப் பத்திரமான பூட்டு கிடையாது. தேடத் தேட, எல்லாப் பாதையும் என்னைச் சுடுகாட்டில்தான் இறக்கிவிட்டது. மூன்று வாரம் இப்படிப் போனது. வீட்டில் வழக்கம்போல் நக்கலும் நையாண்டியுமாகத்தான் இருந்தேன். குளியலறைக்குப் போகும்போது மட்டும் தேர்வு முடிவு பார்க்கப் போகிறவன் மாதிரி போவேன்.

என் மகள் பத்தாம் வகுப்பு. வீட்டில் தமிழ் பேசுவாள். படிப்பதென்றால் எழுத்துக் கூட்டித்தான். "கண்ணில் படுகிற தமிழையெல்லாம் சத்தமா வாசி" என்று அவளை நச்சரித்தவன் நானேதான். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, எதற்கோ என் போனை எடுத்தவள் முகம் மலர்ந்து, "அப்பா, தமிழ் இருக்கு, வாசிக்கவா?" என்றாள். நான் தோசையோடு எழுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ம... ல... த்தில்... ரத்தம்... வந்தால்... எத்தனை நாள்... உயி... ரோடு..."

அதற்கு மேல் அவளே வாசிக்கவில்லை. போனை அம்மாவிடம் நீட்டினாள்.

என் மனைவி கோவைக்காரி. கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். "ஏனுங், எத்தன நாளா இது?"

"மிசல் சூடு அம்மிணி, ஒண்ணுமில்ல."

"மிசல் தின்னவங்க எத்தன நாள் உசுரோட இருப்பாங்கன்னா தேடிப் பாத்தீங்க?"

தோசைத் தட்டை நகர்த்திவிட்டு, மூன்று வாரக் கதையையும் சொல்லி முடித்தேன்.

மறுநாள் அரை நாள் வேலை. மதியம் ஒன்றேகாலுக்குப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. இனி ஐந்து மணிக்குத்தான். அந்தப் பூட்டைப் பார்த்து எனக்கு வந்த மகிழ்ச்சி இருக்கிறதே, முதல் சம்பளத்துக்குக்கூட வரவில்லை. "சரி, திங்கக்கிழம பாத்துக்கலாம்" என்று வண்டியைத் திருப்பினேன். மனைவி வாசல்படியில் துப்பட்டாவை விரித்து உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றே முக்கால் மணி நேரம் இருவருமே அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் ஒரு மராத்திப் பெண். "காய் ஜாலா, காகா?" என்ன ஆச்சு சித்தப்பா என்று மராத்தியில் கேட்டதும், "தொழிற்சாலையில் கசிவு" என்றேன் இந்தியில். அவர் சிரிக்கவில்லை. சிவப்பா கறுப்பா, மலத்தோடு கலந்தா தனியாகவா, வலி உண்டா, மலச்சிக்கல் உண்டா, போகும் பழக்கம் மாறியிருக்கிறதா, எடை குறைந்ததா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன். குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்ற கேள்விக்குக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். மனைவிதான் தன் அரைகுறை இந்தியில், "இவங்க அப்பாவுக்கு" என்றாள்.

பிறகு முழங்காலை மடித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். எதிரே சத்துணவுப் படத்தில் இருந்த கேரட்டையே முறைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆசனவாயில் சின்ன வெடிப்பு, மலச்சிக்கலில் வந்தது என்றார். தண்ணீர், கீரை, பழம், வெந்நீரில் உட்காருவது, ஒரு களிம்பு. விரிசலுக்கே இருபது வருடம் ஊழியம் செய்தவனுக்கு விரிசல். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"உட்காருங்க காகா" என்றார் டாக்டர். வெளியே ஒன்று தெரிகிறது என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் வயதுக்கும் அப்பாவின் கதைக்கும் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அதற்குள் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ, ரத்தம் நிறையப் போனாலோ, தலை சுற்றினாலோ எனக்காகக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள் என்றும் சொன்னார்.

களிம்பே போதுமே என்று கெஞ்சினேன். கெஞ்சும்போதே என் குரல் எங்கோ கேட்ட குரலாக இருந்தது. எங்கள் மேலாளரின் குரல்.

கேமராவுக்கு முந்தின நாள் ஒரு கசப்பு உப்புக் கரைசலைக் குடித்துவிட்டுக் கழிப்பறையிலேயே குடித்தனம் நடத்தினேன். மறுநாள் மயக்கம் தெளிந்தபோது மனைவியின் கை என் நெற்றியில் இருந்தது. குடலுக்குள் ஒரு சின்னச் சதை வளர்ச்சி இருந்ததாம். அப்போதே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. மகள்தான் பயந்துபோய், "ஏதாச்சும் சொல்லுப்பா" என்றாள்.

புற்று இல்லை. ஆனால் விட்டிருந்தால் சில வருடங்களில் அப்படி மாறியிருக்கக்கூடிய வகை. என்னைக் கலங்கடித்த அந்தச் சிவப்பெல்லாம் வெடிப்பிலிருந்து வந்தது. அது ஒன்றரை மாதத்தில் ஆறிவிட்டது. உள்ளே இருந்ததோ ஒரு சொட்டும் சிந்தாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மறுபடி கேமரா மூன்று வருடம் கழித்து. அதை மகள் கோணல்மாணல் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். ஆலையில் இப்போதும் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு கசியும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் மோர் டம்ளர்தான் ஞாபகம் வருகிறது: அவருக்கும் அது கசிந்து காட்டியது, வாசித்துச் சொல்லத்தான் வீட்டில் யாரும் இல்லை.