வால்வுக்கு வைத்த பொட்டு

பீங்கான் கம்பெனி சூளையின் கேஸ் வால்வை ஃபிட்டர் கொளஞ்சிநாதன் தான் பெற்ற பிள்ளையைப்போலப் பார்த்துக்கொள்வார். அதன் தலையில் கவிழ்த்த சட்டிபோல ஆக்சுவேட்டர் உட்கார்ந்திருக்கும். அதற்குள் காற்று போனால் ரப்பர் டயாப்ரம் உப்பித் தண்டை மேலே தூக்கும், கேஸ் திறக்கும். காற்று நின்றால் ஸ்பிரிங் அமுக்கி மூடிவிடும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், சூளை பற்றவைக்கும் முன் காற்றை மட்டும் விட்டுப் பார்த்தார். தண்டு திக்கித் திக்கி ஏறியது. பூஜைக்குக் கழற்றித் துடைத்துத் தான் மாட்டியதுதான் கோணலோ என்று பதறி, போல்ட்டுகளைக் கழற்றிச் சட்டியை இறக்கினார். சட்டியின் தண்டும் வால்வின் தண்டும் நேராகச் சேருகின்றனவா என்று பார்த்துத் திரும்பவும் மாட்டினார். அப்போதும் திக்கியது. டார்ச் அடித்துக் குனிந்தார். தண்டு வால்வுக்குள் நுழையும் இடத்தில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

"எவன்டா இங்க பொட்டு வச்சது?"

பீங்கானுக்கு மெருகு பூசும் கிளேஸ் பிரிவில் வேலை பார்க்கும் அவர் மனைவி சிவசங்கரி எட்டிப்பார்த்தாள். "நான்தாங்க. உங்க புள்ளையாச்சேன்னு கொஞ்சம் கூடுதலா வச்சேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. துடைத்தார், தண்டு வழுக்கிக்கொண்டு ஏறியது.

"புள்ளைக்கு நெத்தியில வையி, சங்கரி," என்று சட்டியைத் தட்டிக் காட்டினார். "தொண்டையில அப்புனா எப்புடி மூச்சு வுடும்?"