ரெண்டாம் குவியல்

கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் அங்கம்மாள் இருபத்திரண்டு வருஷமாகத் தரம் பிரித்து வந்தாள். தரத்துக்கு ஒன்றாக மூன்று குவியல், மூணுதான் மட்டம். ரெண்டுக்குத் தேறக்கூடிய துண்டை மூணில் போட்டால் மேஸ்திரி ராமர் கத்துவார். அதனால் எதையும் சுரண்டிப் பார்க்காமல் அவள் மூணில் போடமாட்டாள். சுரண்டினால் பெரும்பாலும் ரெண்டாகிவிடும்.

1979இல் அவளுக்குப் பித்தப்பையில் கல். எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. அங்கே டாக்டர் வெங்கடேஸ்வரன் பெத்தடின், பென்டசோசின் என்ற இரண்டு வலி ஊசிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. குப்பியில் நம்பர்தான் இருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் ஒரு ஊசி; பிறகு மணிக்கொருதரம் வலியைக் கேட்டு எழுதுவார். வலி இல்லையென்றால் சைபர், கொஞ்சமென்றால் ஒன்று, நடுத்தரம் இரண்டு, தாங்க முடியாதென்றால் மூன்று. மூன்று சொன்னால்தான் அடுத்த ஊசி, அதுவும் மற்றக் குப்பியிலிருந்து.

இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கியவள் மகள் பாக்கியலக்ஷ்மி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவள், வீட்டின் முதல் டிகிரி. நன்றாக விளக்கிவிட்டதாக நினைத்தாள்.

"வலி எத்தனையாக்கும், அம்மா?" டாக்டர் கேட்டார்.

அங்கம்மாள் வலிக்காக வாயில் கடித்திருந்த துணித் துண்டை எடுத்தாள். "ரெண்டு." மறுபடி கடித்துக்கொண்டாள்.

அடுத்த மணிக்கும் ரெண்டு. பாக்கியலக்ஷ்மி டாக்டரின் பின்னால் ஓடினாள். "டாக்டர், அம்மாவுக்கு ரெண்டு இல்ல."

"குட்டி, வலி அவாளோடது. நீ சொன்னா ஆராய்ச்சி கெட்டுப்போகும்."

பரீட்சையில் இதையே எழுதி மார்க் வாங்கியவள் அவள். படித்ததை நம்புவதா, அம்மா கடிக்கும் துண்டை நம்புவதா என்று தெரியாமல் திரும்பிவந்தாள்.

மூன்றாம் தடவை டாக்டர் வந்தபோது குனிந்து கெஞ்சினாள். "யம்மா, மூணுன்னு சொல்லேன்."

"ஏட்டி, சுரண்டிப் பாக்காமயா?"

அம்மாவின் கிட்டங்கிக் கணக்கு அப்போதுதான் பாக்கியலக்ஷ்மிக்கு விளங்கியது. "சுரண்டியாச்சுன்னு வச்சுக்கோ. எந்தக் குவியல்?"

அங்கம்மாள் கண்ணை மூடி யோசித்தாள். "குவியலே கெடையாது. கழிவு. காயல்ல கொட்டணும்."

டாக்டர் தாளைப் பார்த்தார். அப்படி ஒரு கட்டம் இல்லை. மூன்று என்று எழுதிவிட்டு வேறு குப்பியிலிருந்து ஊசி போட்டார்.

அரைமணி கழித்துக் கேட்டபோது துண்டு தலையணைக்கடியில் இருந்தது. "ஒண்ணு," என்றாள் அங்கம்மாள்.

"டாக்டர், அப்போ முன்னாடி சொன்ன ரெண்டெல்லாம்?"

"எழுதினதை மாத்தப்படாது, குட்டி."

முதல் குப்பியில் இருந்தது எதுவோ, கழிவில் போகவேண்டிய அது அந்த ஆராய்ச்சித் தாளில் ரெண்டாந்தரமாகவே தேறியது. அங்கம்மாள் தூங்கிவிட்டாள்.