எங்கள் கல்லறையில் ஒரு துரை

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றில்தான் தெரியும். டீச்சராக இருந்த காலத்திலேயே பரீட்சை நாளன்று பிள்ளைகள் ஜாலியாக வருவார்கள், எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், "பரீட்சை பிள்ளைங்களுக்கா, உனக்கா?" என்று கேலி செய்வார். அவர் இப்போது எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில், அவருடைய குடும்பக் கல்லறையில் படுத்திருக்கிறார்.

அந்தத் தோட்டத்தில் புதிதாகக் குழி வெட்ட இடமே கிடையாது. பழைய குடும்பக் கல்லறை உள்ளவர்கள் மட்டும் அதையே திறந்து, முன்னால் போனவர்களின் எலும்பை ஒதுக்கிவிட்டு, அடுத்தவரை வைப்பார்கள். மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே எங்கேயோ ஒரு பொட்டல். சாவைப் பற்றி எனக்கு ஆயிரம் பயம் உண்டு. ஆனால் என்னை அவர் பக்கத்தில்தான் வைப்பார்கள் என்பதில் மட்டும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த ஒன்றை நினைத்துக்கொண்டுதான் ராத்திரி விளக்கை அணைப்பேன்.

சரித்திர டீச்சருக்கு ரிட்டயர் ஆன பிறகும் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு அவர்களுடைய முன்னோர் ஒருவரின் கல்லறையைத் தேடிக் கொடுத்தேன். அவர்கள் நாலு பேரிடம் சொல்ல, நாலு பேர் எனக்கு ஈமெயில் போட ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர்தான் இந்த அம்மா. என் வயதுதான் இருக்கும், இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்.

அவர் வம்சத்தில் முதன்முதலாகக் கடல் தாண்டியவர் பீப்பாய் செய்கிற ஒரு தச்சர். கம்பெனிப் பட்டாளம் ஸ்ரீரங்கத்தில் கூடாரம் அடித்திருந்த காலத்தில், சாராயத்துக்கும் உப்புக்கறிக்கும் பீப்பாய் செய்து கொடுக்க வந்திருக்கிறார். சண்டை முடிந்து பட்டாளம் போய்விட்டது, துரை போகவில்லை. திருச்சியிலேயே வீடு கட்டி, உள்ளூர்ப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு, இங்கேயே செத்தும் போனார். மகன் ஒருவன் மட்டும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனான். அவன் வழியில் வந்தவர்தான் இந்த அம்மா. துரையின் கல்லறை எங்கே என்பதுதான் அவருடைய கேள்வி.

வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில் முள்ளில் சேலையைக் கிழித்துக்கொண்டு தேடினேன். ஆளைக் காணோம். அப்புறம்தான் யோசனை போயிற்று. துரை கட்டிய பெண் கத்தோலிக்கப் பெண் என்று அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டாம். அப்படியானால் துரையை வெள்ளைக்காரர் தோட்டத்தில் தேடுவதே தப்பு. பெண்டாட்டியின் ஆட்களோடுதான், அதாவது எங்கள் ஆட்களோடுதான் படுத்திருப்பார். மண்டையில் பல்பு எரிந்த சந்தோஷத்தில் உடனே ஈமெயில் தட்டிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பதில் வந்தபோது காந்தி மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தேன். கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கப் போயிருந்தேன். ஒரு கையில் சுண்ணாம்புப் பொட்டலம், இன்னொரு கையில் போன். அந்த அம்மா எழுதியிருந்தார்: டிக்கெட் போட்டுவிட்டேன், திருநாளுக்கு முன்பே வருகிறேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்து ஆண்கள் எல்லார் கல்லறையிலும் தலைமாட்டில் ஒரு பீப்பாய் செதுக்கியிருக்கும். படுக்க வைத்த கல்லில், நடுவில் உப்பலாக, சுற்றிலும் வளையங்களோடு இருக்கும். தயவு செய்து தேடிப் பாருங்கள்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நான் தேடவே வேண்டாம். அந்த உப்பலை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கல்லறையில் எழுத்து என்று எதுவும் தெரியாது. வருஷா வருஷம் திருநாளுக்கு வெள்ளையடித்து, சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு ஏறி, கல் எது சுண்ணாம்பு எது என்று சொல்ல முடியாதபடி மூடிப்போயிருந்தது. தலைமாட்டில் மட்டும் உருண்டையாக ஒரு மேடு. அதை எங்கள் குடும்பத்தில் மாதா கிரீடம் என்போம். புதுப்பெண் வந்தால் அதைத் தொட்டுச் சிலுவை போட வேண்டும். பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் தொடுவார்கள். முதல் மெழுகுவர்த்தி அதன் மேல்தான். கல் யார் வைத்தது, எங்களுக்கு எப்படி வந்தது என்று என் மாமனாரைக் கேட்டதற்கு, "நம்மளுதுதான், வேற யாருது?" என்று எரிந்து விழுந்தார்.

"ஏம்மா, ஓரம் போங்கம்மா!" என்று ஒரு மூட்டைக்காரர் கத்தியபோதுதான் நடுவழியில் நிற்கிறேன் என்று தெரிந்தது. எப்படி பஸ் ஏறினேன், எப்படி வீடு வந்தேன் என்றே நினைவில்லை.

அன்று சாயங்காலமே பங்குத் தந்தையைப் போய்ப் பார்த்தேன். "சும்மாதான் கேக்குறேன் ஃபாதர். ஒரு குடும்பம், தெரியாம, வேற ஒருத்தர் கல்லறையில தங்களோட ஆளுங்கள வச்சுக்கிட்டே வந்திருந்தா என்ன ஆகும்?"

"நிஜமான வாரிசு வந்து கேட்டா விட்டுக் கொடுத்துத்தானேம்மா ஆகணும்."

"உள்ள இருக்கிறவங்க?"

"எடுத்து வேற இடத்துல வைக்க வேண்டியதுதான். ஏன், யாருது?"

"ஒரு கதைக்காக ஃபாதர்."

"அட, நீங்க கதையெல்லாம் எழுதுறீங்களா!" என்று சிரித்தார். எனக்கு வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. எடுத்து வேற இடத்துல. அந்த மூன்று வார்த்தையும் தூக்கத்தில்கூட விடவில்லை. கண்ணை மூடினால் மண்வெட்டிச் சத்தம். தடுக்கத் திராணியில்லாமல் நான் ஓரமாக நிற்பேன்.

காட்டூரிலிருக்கும் என் நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினாள்.

"மாதா கிரீடத்தைப் பீப்பாய்ங்கிறீங்களே, நாக்கு அழுகிடாதா அண்ணி? அதைத் தொட்டுட்டுப் போய்த்தான் நான் என் மூத்தவனைப் பெத்தேன்."

"நான் சொல்லலம்மா, அந்த அம்மா சொல்றாங்க."

"அவங்க வர்றதுக்குள்ள இன்னும் ரெண்டு கோட்டு கெட்டியா அடிச்சு விட்ருவோம். மேட்டையே காணாமப் பண்ணிடலாம். வெள்ளைக்காரி என்ன, கடப்பாரையா கொண்டு வரப்போறா?"

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அந்தக் கல்லுக்கு நேர் கீழே அவர் படுத்திருக்கிறார். அவர் தலைமேலேயே பொய்யைப் பூசிவிட்டு அப்புறம் அவர் பக்கத்தில் போய் எப்படிப் படுப்பது? வேண்டாம் என்றேன். அவள் கோபித்துக்கொண்டு காப்பியைக் குடிக்காமல் போனாள்.

அந்த அம்மா வந்து சேர்ந்தார். ஒல்லியாக, தலையில் துணித்தொப்பியோடு, எதற்கெடுத்தாலும் நன்றி சொல்கிறவராக இருந்தார். கொடூரமானவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். துரை கூடாரம் போட்ட இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்றார். ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப் போனேன். கூடாரம் எங்கே இருந்ததென்று எனக்கு என்ன தெரியும்? காவிரிப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தி, கரைப்பக்கம் பொத்தாம்பொதுவாகக் கையைக் காட்டினேன். அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். துரையைத் தேடுவது தன் தம்பி ஆரம்பித்த வேலை என்றும், தம்பி இறந்துவிட்டான் என்றும் சொன்னார். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. எதிரே ராஜகோபுரம் தெரிந்தது. எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, என்னை இதிலிருந்து காப்பாற்று என்று அதைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டு வைத்தேன்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தில் ஒரே கூட்டம். குடும்பம் குடும்பமாகப் புல் பிடுங்கிக்கொண்டும் வெள்ளையடித்துக்கொண்டும் இருந்தார்கள். நாத்தனார் எனக்கு முன்பே வந்து கல்லுக்குக் காவல் போல உட்கார்ந்திருந்தாள். நான் அந்த அம்மாவை நேராக அங்கே கூட்டிப் போய், "இதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன்.

தோட்டத்துக் காவல்காரர் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கொத்துக்கரண்டியால் மெதுவாகச் சுரண்டினார். சுண்ணாம்பு அப்பளம் மாதிரி ஏடு ஏடாகக் கழன்றது. எங்கள் மாதா கிரீடத்தில் ஒரு வளையம் தெரிந்தது. இன்னொன்று தெரிந்தது. அப்புறம் பலகைகள், நடுவில் ஒரு அடைப்புக்கட்டை.

"மாதாவே!" என்று நாத்தனார் நெஞ்சில் கைவைத்தாள். "பீப்பாய்க்கா அண்ணி இத்தன வருஷம் மெழுகுவத்தி ஏத்தினோம்?"

கீழே இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த அம்மா மண்டியிட்டு விரலை எழுத்தில் வைத்து வாசித்தார். அவருடைய துரையின் பெயர்தான். சத்தமில்லாமல் அழுதார். நான் பக்கத்துக் கல்லறையைப் பிடித்துக்கொண்டேன். இனி அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் நிமிர்ந்து, இப்போது இதில் இருப்பது யார் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"என் வீட்டுக்காரர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், என்னால் முடியவில்லை. "அவரை எடுக்கச் சொல்லாதீங்க. உங்க காலில் வேணும்னாலும் விழுறேன். கல்லை நீங்க ஊருக்கே எடுத்துட்டுப் போங்க. அவரை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க." இதைத் தமிழில் சொல்லிவிட்டு, அவருக்குப் புரியாதே என்று திரும்ப இங்கிலீஷில் சொன்னேன். பக்கத்தில் வெள்ளையடித்தவர்கள் எல்லாம் மட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மானம் போனால் போகட்டும் என்றிருந்தது.

"எடுப்பதா?" என்று அந்த அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு தன் பைக்குள் கைவிட்டு ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அது அவருடைய தம்பியின் சாம்பல். துரையைக் கண்டுபிடித்தால் என்னை அவரோடு வை என்று சொல்லிவிட்டுச் செத்தாராம். யாரிடம் கேட்பது, கேட்டால் விரட்டிவிடுவார்களோ என்று விமானத்தில் கண் மூடவில்லை என்றார். "இப்போது உங்களைத்தான் கேட்க வேண்டும். உங்கள் கல்லறையில் என் தம்பிக்குக் கொஞ்சம் இடம் தருவீர்களா?"

உங்கள் கல்லறை என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நாத்தனாரும் அழுதாள், ஆனால் அழுதுகொண்டே என் காதில், "யோசிச்சுச் சொல்லுங்க அண்ணி, ஏற்கனவே நெருக்கடி" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரு பயம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அது என்ன பெரிய மாளிகையா? உள்ளே என் மாமனார் மாமியார், அவர்களுக்கு முன்னால் போனவர்கள், எல்லாருக்கும் அடியில் துரை. என் வீட்டுக்காரர் புது ஆட்களிடம் முகம் கொடுத்தே பேசமாட்டார், இங்கிலீஷ் சுத்தமாக வராது. இதில் இன்னொருவர். எனக்கென்று என்ன மிஞ்சும்? இருந்தாலும் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றேன்.

பங்குத் தந்தையை வரவழைத்தோம். அவர் பீப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதுதான் அந்தக் கதையாம்மா?" என்றார். இரண்டு வீட்டுக்கும் சம்மதம் என்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லி, அங்கேயே செபமும் செய்தார்.

காவல்காரர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். தூக்கத்தில் கேட்ட அதே சத்தம் கேட்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் கல்லின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எங்கே தோண்டுவது என்று அந்த அம்மாவைக் கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய், என் வீட்டுக்காரரின் இடப்பக்கத்தில் காலை ஊன்றி நின்றுகொண்டேன்.

"அந்தப் பக்கம் வெட்டுங்கண்ணே. இந்தப் பக்கம் எனக்கு."