வேட்டியில் சுற்றிய துவக்கு

விஜயதசமி அன்று காலை ஏழரைக்கு நான் சாமியறைக் கதவைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உளிகள், இழைப்புளி, சுத்தியல் எல்லாம் முதல்நாள் வைத்த வரிசையிலேயே சந்தனமும் குங்குமமுமாகக் கிடந்தன. துவக்கை மட்டும் காணவில்லை.

சாமியறை என்று பெரிதாகச் சொல்கிறேன். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு கட்டில்கூடப் போட முடியாத சின்ன அறை அது. நாலரை அடி நீளமான ஒரு துப்பாக்கி அதற்குள் எங்கேயும் ஒளிய முடியாது. இருந்தும் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தேன், கதவுக்குப் பின்னால் பார்த்தேன், மறுபடியும் மேசைக்குக் கீழே பார்த்தேன்.

அது எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முழுக்க என்னுடைய கெட்டித்தனம்தான்.

நான் சமையலறை பொருத்துகிறவன். பிரான்ஸில் பத்து வருடம், இங்கே பதினாறு வருடம், எல்லாம் அலுமாரிதான். ஒருமுறை ஓர் ஆங்கிலேயர் வீட்டில் வேலை செய்தபோது, மூலையில் நான் இழைத்துப் பொருத்திய பலகையை அவர் கண்ணாடி போட்டு உற்றுப் பார்த்தார். பழைய மாதிரித் துவக்குகளைச் செய்வது அவருடைய தொழில். அதற்கான லைசென்ஸும், ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு பட்டறையும் வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் மரவேலைக்கு வர முடியுமா என்று கேட்டார். நான் யோசிக்காமல் ஓம் என்றேன்.

ஏதோ ஒரு சின்ன மியூசியம் கேட்டிருந்த துவக்கு அது. முந்தைய காலத்தில் ஆங்கிலேய வியாபாரிகள் வட அமெரிக்கக் காடுகளுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த மக்களிடம் தோலுக்குப் பண்டமாற்றாகக் கொடுத்த துவக்கின் பிரதி. விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையம் வழக்கத்தைவிடப் பெரியது. குளிருக்குக் கையுறை போட்ட விரலும் உள்ளே போக வேண்டுமாம். பக்கத்தில் பித்தளையில் ஒரு பாம்பு. பாம்பு இல்லாத துவக்கைப் போலி என்று சொல்லி அந்த மக்கள் தள்ளிவிடுவார்களாம். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். அந்தப் பொறி குழலின் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டை வழியாக உள்ளே போய் வெடிமருந்தைப் பற்றவைக்கும். அந்த ஓட்டையை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் போடுவார்கள்.

குழல் படுக்கிற பள்ளத்தை வால்நட் மரத்தில் எடுப்பது என் வேலை. குழலின் அடிப்பக்கத்தில் விளக்குக் கரியைப் பூசி, மரத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். அந்தக் கரியை மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி பூசி, மறுபடி அழுத்தி, மறுபடி சீவ வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்கச் சீவினாலும் கொஞ்சம்தான் இறங்கும். கடைசியில் ஒருநாள் குழல் மரத்துக்குள் சத்தமே இல்லாமல் போய்ப் படுத்தது. இடையில் ஒரு மயிர் நுழைய இடமில்லை. நான் தனியே நின்று சிரித்தேன். அலுமாரி செய்து நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

இதெல்லாம் ஏழு மாதம் நடந்தது. மனைவியிடம் நான் சொன்னது, பழைய மேசை ஒன்றைத் திருத்துகிறேன் என்று. சட்டையில் கரி ஏன் என்று கேட்டாள். அந்த வீட்டுப் புகைக்கூண்டு என்றேன். பொய் நன்றாகவே வந்தது.

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் பீச்சும் விளையாட்டுத் துவக்குகூட வந்ததில்லை. படத்தில் வெடிச்சத்தம் கேட்டால் அவள் எழுந்து குசினிக்குப் போய் அடுப்படியில் நின்றுகொள்வாள். ஊரில் யுத்தகாலத்தில் இராணுவம் வீடு வீடாகச் சோதனை போட்டபோது அவளுடைய அண்ணையைக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பி வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் எனக்குச் சொன்னது அவ்வளவுதான். நானும் மேலே கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது மரியாதை என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அது வெறும் பஞ்சி, சோம்பேறித்தனம்.

சரஸ்வதி பூசை வந்தது. ஒவ்வொரு வருடமும் அவள் தன் புத்தகங்களையும் தையல் மெசினையும் வைப்பாள், நான் என் ஆயுதங்களை வைப்பேன். வைத்தால் மறுநாள் விஜயதசமி விடியும்வரை ஒருவரும் தொடுவதில்லை. இந்த வருடம் உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கிறுக்கு வந்தது. உளியை மட்டும் அம்மனுக்கு முன்னால் வைத்துவிட்டு, அந்த உளி செய்த வேலையைப் பாலத்துக்கு அடியில் விட்டுவிடுவதா? என் வாழ்க்கையில் வேலை என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். குழல் பட்டறை வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஆங்கிலேயரின் ஒரே சட்டம். அவர் அந்தக் கிழமை முழுக்க ஸ்கொட்லாந்தில் மகள் வீட்டில் இருந்தார். பட்டறைப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. வேட்டியில் சுற்றி, என் வேலை வண்டியான வானில் ஏற்றிக் கொண்டுவந்து, மேசையில் புத்தகங்களுக்குப் பின்னால் படுக்க வைத்தேன்.

அவள் பொட்டு வைக்க வருவாள் என்பதை மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் ஒரு ஆணிகூடப் பூசைக்குப் போகாது. துளைபோடும் மெசினைக்கூட அவள் பெட்டியைத் திறந்துதான் சந்தனம் வைப்பாள். இருபத்திரண்டு வருடம் பார்த்தவன் நான். அவலும் கடலையும் எடுக்கக் கீழே போய்விட்டு மாடிக்கு வந்தால், வேட்டி விரிந்து கிடக்கிறது, அவள் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறாள்.

அவள் முகத்தில் இரத்தமே இல்லை. ஏழு மாதம், மியூசியம், ஆங்கிலேயர், லைசென்ஸ், பாம்பு என்று தலைகால் இல்லாமல் உளறினேன். அவள் ஒன்றும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. விரலால் சந்தனத்தைத் தொட்டு மரத்தில் வைத்தாள், பிறகு பாம்பில் வைத்தாள், பிறகு குழலில். குங்குமம் வைத்தபோது வேட்டியெல்லாம் சிந்தியது. பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"இது ஆற்ற?"

என்னுடையது இல்லை, செய்து கொடுக்கிறது என்றேன்.

"பூசையில வச்சாச்சு. விஜயதசமி விடியட்டும்."

அவ்வளவுதான். தேவாரம் பாடினோம், அவல் சாப்பிட்டோம். இவ்வளவு லேசாகப் போய்விட்டதே என்று நான் வெட்கமில்லாமல் நன்றாக நித்திரை கொண்டேன்.

காலையில் அவளைத் தேடி வீடு முழுக்கப் பார்த்தேன். போன் குசினியில் சார்ஜில் கிடந்தது. படுக்கையறை அலுமாரியின் கடைசி லாச்சி இழுத்தபடி திறந்திருந்தது. அது எங்கள் பாஸ்போர்ட் வைக்கும் லாச்சி. என்னுடையது இருந்தது, அவளுடையதைக் காணவில்லை.

பிடரியில் அடி விழுந்த மாதிரி அப்போதுதான் விளங்கியது. ஊரில் இராணுவ முகாமுக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையைக் கொண்டுபோவார்கள். சோதனைக்கு முன்னால் தாங்களாகவே எதையாவது ஒப்படைக்கப் போகிறவர்களும் அப்படித்தான். அவள் விஜயதசமி விடியும்வரை பொறுத்து, குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, துவக்கையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போயிருக்கிறாள்.

இங்கே தெருவில் நிற்கிற பொலிஸிடம் துவக்கு இல்லை. ஆனால் துவக்கோடு ஒருத்தி போகிறாள் என்று யாராவது போன் பண்ணினால் வருகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் தூரத்தில் நின்று கத்துவார்கள், கீழே போடு என்பார்கள். என் மனைவி யாராவது கத்தினால் கையில் இருப்பதை நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்கிறவள். ரொட்டிப் பெட்டி என்றாலும் அப்படித்தான், குடை என்றாலும் அப்படித்தான். நானே பொலிஸுக்கு அடித்துச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். என்ன சொல்வது? என் பெண்சாதி துவக்கோடு வருகிறாள், சுட்டுவிடாதீர்கள் என்றா? துவக்கு என்ற சொல்லைச் சொன்னதுமே அந்த ஆட்கள் புறப்பட்டுவிடுவார்கள். போனை வைத்துவிட்டு ஓடினேன்.

பள்ளிக்கூட நேரம். வான் ஒரு அடி நகராது. ஐம்பத்தைந்து வயதில், வீட்டுச் செருப்போடு, நெற்றியில் திருநீறுகூட இல்லாமல் ஹை ரோட்டால் ஓடினேன். எங்கள் தமிழ்க் கடைக்காரர் முருங்கைக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். மனைவியைக் கண்டாரா என்று கேட்டேன். கண்டாராம். நீளமான திரைச்சீலைக் கம்பி ஒன்றை அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாவாம். பாரமாக்கும் என்று தான்தான் ஏற்றிவிட்டதாகவும் சொன்னார். துவக்கைத் தூக்கிவிட்ட அந்தக் கையாலேயே எனக்கு வணக்கம் வைத்தார், எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

எங்கே போயிருப்பாள் என்பது தெரியும். வெகுகாலத்துக்கு முன்னால் அவளுடைய கைப்பை களவுபோனபோது நாங்கள் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தோம். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அடுத்த பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு தரிப்பிலும் ஜன்னலால் எட்டிப் பார்த்தபடி போனேன். ஒரு சைரன் கேட்டது, நான் எழுந்து கதவடிக்குப் போனேன். அது அம்புலன்ஸ்.

பொலிஸ் நிலையம் இருந்த கட்டடத்தைச் சுற்றி மரப்பலகை அடித்திருந்தார்கள். மேலே புதிய பிளாட்டுகளின் படம். பலகைக்கு வெளியே மிஞ்சியிருந்த பழைய வாசல் படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். நவராத்திரிச் சேலை, அதற்கு மேலே குளிர்ச்சட்டை, மடியில் குறுக்கே வேட்டிச் சுருள். யாரோ கட்டட வேலையாள் கொடுத்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணீர். சுருளின் நுனியில் குழலின் வாய் ஒரு சாண் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போனார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்ன செய்கிறீர் என்று மூச்சிரைக்கக் கேட்டேன். இங்கே இப்போது பொலிஸ் இல்லையாம், அடுத்தது குறொய்டனிலாம், கால் நோகுது, கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம் என்றாள். சந்தைக்குப் போகிற மாதிரிச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சுருளை என் பக்கம் இழுத்தேன். அவள் விடவில்லை. அதனால் அவள் மடியிலேயே வேட்டியைக் கொஞ்சம் விலக்கி, குழலின் பக்கத்தில் விரலை வைத்தேன்.

"இஞ்ச பாரும். நெருப்புப் போற ஓட்டை இன்னும் போடேல்லை. இது வெறும் குழாய். இது சுடாது."

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். முதல்நாள் வைத்த குங்குமம் அதற்குப் பக்கத்தில் காய்ந்திருந்தது.

"எங்கட கூரைக்குள்ள இருந்து எடுத்ததும் சுடாது," என்றாள். "அதுவும் இப்பிடித்தான். இடியன். துருப்பிடிச்சு, விசைகூட இல்லை."

இடியன் என்றால் வாய்வழியாக மருந்தை இடித்து இறுக்கிச் சுடுகிற, ஊர்ப்பக்கத்து வேட்டைத் துவக்கு. ஏழு மாதம் உளியும் கரியுமாக நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். எனக்கு ஒருநாளாவது அது தோன்றவில்லை. அவளுக்கு வேட்டியை விரித்த உடனேயே தெரிந்திருக்கிறது.

பிறகு அவள் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. சோதனைக்கு வந்தவர்கள் வாசலில் நின்று, வீட்டில் ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவளுடைய தகப்பன் பேசாமல் நின்றார். பயத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்து, அவள்தான் முன்னால் போய் ஒன்றும் இல்லை என்று பதில் சொன்னாள். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பாளாம், அவ்வளவு நிச்சயம். தகப்பன் தன் தகப்பனுடைய பழைய இடியனைக் கூரைக்குள் செருகி வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள் பயப்படும் என்று அவர் சொல்லவில்லை. அரை மணித்தியாலத்தில் எடுத்துவிட்டார்கள். ஒளித்ததுமல்லாமல் பொய்யும் சொன்னீர்கள் என்று அண்ணையைக் கொண்டுபோனார்கள்.

"பொய் சொன்னது நான் இல்லை. எனக்குத் தெரியாது," என்றாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "ஏழு மாசம். ஆராவது கதவைத் தட்டிக் கேட்டிருந்தால், நான் அதே மாதிரித்தான் சொல்லியிருப்பன்."

நான் அவளிடம் ஒளித்தது துவக்கை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவளை மறுபடி அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்பது அந்தப் படிக்கட்டில்தான் தெரிந்தது. எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

இருவரும் பட்டறைக்குப் போனோம். சுருளை அவளே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். துவக்கை அதன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஸ்கொட்லாந்துக்குப் போன் எடுத்து ஆங்கிலேயரிடம் நடந்ததைச் சொன்னேன். சொன்னதற்கு நன்றி, திறப்பைப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போ என்றார் அவர். என் சனிக்கிழமைகள் அன்றோடு முடிந்தன.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடலாமா என்று கேட்டேன். அவள் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் நின்றாள். இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வான் கதவைத் திறந்தேன். தோட்டத்துக் கொட்டிலைத் திறந்தேன். என் ஆயுதப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். மாடியில் எல்லா லாச்சிகளையும் இழுத்து, கடைசியில் ஏணி வைத்து ஏறிக் கூரைப் பலகையையும் தள்ளி வெளிச்சம் அடித்துக் காட்டினேன். அவள் ஏணிக்குக் கீழே நின்று, பாஸ்போர்ட்டைக் கையிலிருந்து விடாமல், எல்லாவற்றையும் பார்த்தாள்.