முதலில் டம்ளரில் உடைக்கவும்

புதிதாகத் தொழில் தொடங்க வருகிறவர்களை உட்காரவைத்து, துணிந்து இறங்குவது எப்படி, பத்துப் பேரை நடத்திக்கொண்டு போவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது இப்போது என் பிழைப்பு. நான் இதுவரை ஒரு பெட்டிக்கடைகூட வைத்ததில்லை. அதை அவர்கள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. எங்கே படித்தீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். கல்லூரியின் பெயரைச் சொல்லிவைப்பேன். உள்ளதைச் சொல்வதென்றால், தூத்துக்குடியிலிருந்து பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டைக்குப் போகிற ரோட்டில், ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில், பத்து வயதில், ஒரு சட்டி முட்டையை நாசம் பண்ணித்தான் படித்தேன்.

கொட்டகை என் சித்தியுடையது. சித்தி துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் ஏழு வருஷம் பில் அடித்துக்கொண்டிருந்தவள். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில், வேலையை விட்டுவிட்டேன், மக்ரூன் போடப் போகிறேன் என்றாள். அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பேக்கரி, ஒவ்வொரு பேக்கரிக்கும் தாத்தா காலத்துப் பெருமை. அங்கே போய்ப் புதிதாக மக்ரூன் போடுகிறேன் என்பது கடற்கரையில் மணல் விற்கக் கடை திறக்கிற மாதிரி.

“மாசம் பொறந்தா சம்பளம் வார வேலைய விட்டுட்டு முட்டை ஒடைக்கப் போறாளாம்” என்றார் அப்பா. அவர் துறைமுகத்தில் நிரந்தர வேலையில் இருந்தார். நிரந்தரம் என்ற சொல்லை மற்றவர்கள் சாமி பெயரைச் சொல்கிற பணிவோடு சொல்வார். சித்தியின் மேனேஜர் நல்ல மனிதர், மாதக் கடைசி வரை அவளுடைய நாற்காலியில் வேறு ஆளைப் போடுவதில்லை என்று சொல்லியிருந்தார். அப்பா அந்த நாற்காலியைப் பற்றித் தினமும் ஒரு தடவை விசாரிப்பார், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற சொந்தக்காரரை விசாரிப்பதைப்போல.

அது முழுப் பரீட்சை லீவு. கொட்டகைக்குப் போய் நானே என்னை மேனேஜராக நியமித்துக்கொண்டேன். எனக்குக் கீழே சித்தி, ஒரு பழைய பேக்கரியிலிருந்து வந்த மாஸ்டர், வேலைக்கு இரண்டு அக்காமார். மக்ரூனுக்குச் சீனி, அண்டிப்பருப்பு என்கிற முந்திரியின் தூள், முட்டையின் வெள்ளைக் கரு. அவ்வளவுதான். மஞ்சள் கரு முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்தக் கோடையில் நாங்கள் தின்ற ஆம்லெட்டின் நிறத்துக்குக் கல்யாண வீட்டுக் கேசரி தோற்கும்.

மாஸ்டருக்கு ஒரே ஒரு சட்டம். ஒவ்வொரு முட்டையையும், மஞ்சளை ஓட்டிலேயே நிறுத்தி வெள்ளையை மட்டும் விட்டு, முதலில் ஒரு டம்ளரில் உடைக்க வேண்டும். வெள்ளை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் பெரிய சட்டியில் ஊற்ற வேண்டும். மஞ்சள் ஒரு சொட்டுக் கலந்தாலும் எவ்வளவு அடித்தாலும் நுரை நிற்காது. நுரை நிற்காவிட்டால் மக்ரூன் கிடையாது. “ஒரு முட்டை கெட்டா டம்ளரோட போவும். இல்லன்னா சட்டியோட போவும்” என்பார். மேனேஜர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது பெரிய ஆர்டர் வந்தது. ஏரலில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களின் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக மக்ரூன் பாக்கெட் போடப் போவதாகச் சொன்னார். சனிக்கிழமை காலையில் கல்யாணம், வெள்ளிக்கிழமை மத்தியானம் சரக்கு வேண்டும். இதை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் ஏரலிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் பெயர் போய்விடும், சொதப்பினாலும் அதே தூரம்தான் போகும் என்றாள் சித்தி. சொதப்பினால் திங்கட்கிழமை நாற்காலி என்பதை அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் அப்பா இருந்தாரே.

வியாழக்கிழமை காலையில் பத்து அட்டை முட்டை. அக்காமார் இருவரும் பருப்புப் பொடிக்கப் போனதால் உடைக்கிற வேலை எனக்கு வந்தது. இரண்டு அட்டை வரைக்கும் டம்ளரில்தான் உடைத்தேன். அதற்குள் அக்காமார் திரும்பி வந்து, “மேனேஜரம்மா இன்னும் ரெண்டாவது அட்டையிலயா நிக்கிறாவ?” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ரோஷம் வந்துவிட்டது. டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு நேரே சட்டியின் விளிம்பில் தட்டி உடைத்தேன். என்ன வேகம்! ஒன்பதாவது அட்டையில் ஒரு முட்டை கையிலேயே நொறுங்கி, மஞ்சள் சட்டிக்குள் விழுந்து, பொறுமையாகப் பரவியது.

ஸ்பூனால் அள்ளினேன், வரவில்லை. விரலால் துழாவினேன், இன்னும் பரவியது. கடைசியில் ஒரு நிர்வாக முடிவு எடுத்தேன். கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். மஞ்சள் மறைந்துவிட்டது. மிச்ச முட்டையையும் உடைத்துவிட்டு, “முடிஞ்சிட்டு” என்றேன்.

முதல் பங்கை மெஷினில் ஊற்றி அரை மணி நேரம் அடித்தார்கள். சோப்புத் தண்ணீர் மாதிரி குமிழ் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மாஸ்டர் சட்டியைக் கொஞ்சம் சாய்த்தார். நுரை ஓடியது. அவர் முகம் மாறியது.

“சட்டியில எண்ணெ பட்டுருக்கு. எவ கழுவுனது?”

“நான்தான் மாஸ்டர். சுடுதண்ணி ஊத்தித்தான் கழுவினேன்” என்றாள் மூத்த அக்கா.

“தலையில இம்புட்டு எண்ணெயத் தேச்சிக்கிட்டு வந்து கழுவுனா சட்டி எப்படி வெளங்கும்?”

அந்த அக்கா இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்தாள். போகத் தயாராகிவிட்டாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரை முதல் முறையாக மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தேன்.

சித்தி சட்டியைப் பார்த்தாள். எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். “விடுங்க மாஸ்டர். மெஷின்ல ஊத்த முந்தி நான்ல பாத்துருக்கணும்? பாக்கல. தப்பு என்னுது” என்றாள். பிறகு அக்காவிடம், “ஏளா, துண்டக் கட்டு. நீ போயிட்டா பருப்ப யாரு சலிப்பா?” என்றாள்.

சட்டி முழுவதையும் கொட்டச் சொல்லிவிட்டு அவள் செய்த அடுத்த காரியம்தான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அப்பா காலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். சித்தி ஏரலுக்குப் போன் போட்டாள்.

“அண்ணாச்சி, காலைல போட்ட சரக்கு கெட்டுப்போச்சு. வெள்ளிக்கிழம தர முடியாது. சனிக்கிழம காலைல ஆறு மணிக்கு மண்டபத்துக்கே கொண்டுவந்து தாரேன். நம்பிக்க இல்லன்னா சொல்லுங்க, நல்ல கடையா நானே ஒண்ணு சொல்லுதேன்.”

“கரண்டு போச்சு, மெஷின் ரிப்பேருன்னு எதையாவது சொல்ல வேண்டியதுதான?” என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

அண்ணாச்சியின் சிரிப்பு போனுக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது. “ஏம்மா, கெட்டதக் கெட்டுப்போச்சுன்னு சொல்லுத யாவாரிய இப்பத்தான் பாக்கேன். ஆறு மணி. பிந்துச்சின்னா பந்தியில நீதான் எல பொறுக்கணும்.”

புது முட்டைக்கு அப்பாவை அனுப்பினாள். “அத்தான், ஊரு பூரா சுத்துனாலும் சரி” என்றாள். நிரந்தர ஊழியர் ஸ்கூட்டரில் முழங்காலுக்கு நடுவே முட்டை அட்டைகளை இடுக்கிக்கொண்டு, வேகத்தடைக்கு வேகத்தடை இறங்கி உருட்டி, மூன்று நடை கொண்டுவந்து சேர்த்தார். ஒன்றுகூட உடையவில்லை. அதை இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சித்தி பத்து அட்டையையும் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள்.

“தங்கச்சி, இந்தப் பிள்ளையா?” என்றார் மாஸ்டர்.

“அவதான் ஒடைப்பா” என்றாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாள்.

ஒவ்வொரு முட்டையையும் டம்ளரில் உடைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண் டாக்டர் மாதிரி பார்த்தேன். நான்காவது அட்டையில் ஒன்று உடைந்து டம்ளருக்குள் மஞ்சள் பரவியது. காலண்டர் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்தேன்.

“சித்தி, ஒண்ணு கெட்டுப்போச்சு!”

“வேற டம்ளர் எடு” என்றாள், திரும்பாமலே.

அன்று சாயங்காலம் மாஸ்டர் நுரைச் சட்டியைத் தன் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு பொட்டுக்கூட விழவில்லை. மூத்த அக்கா, “எண்ணெத் தலைக்கு மேல கவுத்துங்க பாப்போம்” என்று தன் தலையை நீட்டினாள். மாஸ்டருக்கு வெட்கமாகிவிட்டது. சனிக்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சரக்கு மண்டபத்தில் இறங்கியது. திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். சித்தி இப்போது இரண்டு கொட்டகை வைத்திருக்கிறாள். மாஸ்டர் தன் மருமகனையும் அங்கே வேலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

போன பொங்கலுக்குத்தான் சித்தியிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். இத்தனை வருஷம் கட்டிக்காத்த ரகசியம்.

“தெரியும் ஏளா. ஒன் நகக்கண்ணெல்லாம் மஞ்சளால்ல இருந்துச்சு.”

“தெரிஞ்சுமா மறுபடி என்னையே ஒடைக்கச் சொன்னிய?”

“அக்காமாரு ரெண்டு பேருக்கும் பயத்துல கை ஆடிக்கிட்டு இருந்துச்சு. சட்டி எப்படிக் கெட்டுச்சின்னு அங்கன தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். பெறவு வேற யார ஒடைக்கச் சொல்ல?”

நாமக்கல் லாரி மறுநாள்தான் வரும், அப்பா கொண்டுவந்ததுதான் அன்று ஊரில் அகப்பட்ட கடைசி முட்டை என்பதையும் அப்போதுதான் சொன்னாள்.

எனக்கு அதெல்லாம் அன்றைக்கு எங்கே தெரியும்? என்னைப்போல் முட்டை உடைக்க ஊரில் ஆள் கிடையாது, அதனால்தான் மறுபடி என் முன்னாலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று நினைத்தேன். முன்னூறு முட்டையும் உடைத்து முடிகிற வரைக்கும் சித்தி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டியபடி, வெறும் ரோட்டையே பார்த்து நின்றுகொண்டிருந்தாள். சித்திரை மாதத்து வெயில். அந்த வெயில் அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதுபோல என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த முட்டையை எடுத்தேன்.