தேர் நாளுக்கு ஒரு மெடிக்கல்

மாத்தளையில் தேர் வந்தால் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு முதுகுவலி வரும். மீதிப் பேருக்கு வயிற்றோட்டம். இரண்டுமே தேரன்று காலையில் தொடங்கி அன்றிரவே தானாகக் குணமாகிவிடும் அபூர்வ வகை. பலாபத்வலையில் டிஸ்பென்சரி நடத்தும் எனக்கு இந்த நோய் நல்ல பழக்கம். மருந்து தேவையில்லை, லீவுக்குக் காட்ட நான் எழுதித் தரும் மெடிக்கல் கடதாசி மட்டும் போதும்.

இந்த வருஷம் அப்படி வந்தவர் சிவலிங்கம். எல்கடுவப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுபவர். கதிரையில் சாயாமல், கல்யாணப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“முந்தாநாள் முதுகு புடிச்சிக்கிச்சுங்க டொக்டர். லயத்து வீட்டுலயே படுத்துக் கெடந்தேன். அந்த ஒரு நாளைக்கு மட்டும் மெடிக்கல் குடுங்க.”

முந்தாநாள்தான் தேர். நேற்று வேலைக்குப் போனவரிடம் எஸ்டேட்டை நடத்தும் தொரை மெடிக்கல் கேட்டிருக்கிறார். ஏற்கெனவே சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் நின்ற கணக்கு இவருக்கு உண்டு. இந்தத் தடவை மெடிக்கல் வராவிட்டால் லொறிச் சாவியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, இவரை மலைக்கு மருந்தடிக்க அனுப்புவதாகத் தொரை சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது, இல்லாத சாவியை இறுக்கிப் பிடிப்பதுபோல அவருடைய விரல்கள் மடங்கின.

புதிதாக டிஸ்பென்சரி திறந்திருக்கும் தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். நானும் அதைத்தான் செய்தேன். ஞானத்தால் அல்ல, பேனை எழுதவில்லை. வேறு பேனை தேடும் நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று சட்டையைக் கழற்றச் சொன்னேன்.

கழற்றவே அவருக்கு மனமில்லை. கழற்றியதும் காரணம் புரிந்தது. முதுகில் இரண்டு பக்கமும் வரிசையாக முள் குத்திய காயங்கள். மேலே திருநீறு, மஞ்சள். இரண்டு காயம் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. தொட்டால் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பறவைக்காவடி. லொறியில் கம்பு கட்டி, அதில் தொங்கியிருக்கிறார். வேலைக்குப் போகாத நாளிலும் மனிதர் லொறியை விடவில்லை.

மகள் டெங்குவில் கிடந்தபோது வைத்த நேர்த்தியாம். லீவு கேட்டிருக்கிறார். கொழுந்து குவிந்து கிடக்கிறது, முடியாது என்றிருக்கிறார் தொரை.

“சரி சிவலிங்கம், முந்தாநாள் நான் உங்களைப் பார்க்கவே இல்லையே. பார்த்தேன்னு எப்படி எழுதுறது?”

“நீங்க பாக்கலீங்க. நான் பாத்தேன். வடம் புடிச்சிக்கிட்டு வந்தீங்க. மேலருந்து பாக்க உங்க தலை பளபளன்னு நல்லா தெரிஞ்சிச்சுங்க.”

ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கன் நான். ஆனால் மாத்தளையில் பிறந்தவன் தேர் வடத்தைத் தொடாமல் இருக்க முடியுமா? டிஸ்பென்சரி வாசலில் ‘இன்று டொக்டர் இல்லை’ என்று பலகை. பேஸ்புக்கில் வடத்தோடு என் படம். இந்த லட்சணத்தில் அன்று அவரைப் பரிசோதித்ததாக எழுதினால், அந்தக் கடதாசி என்றைக்காவது கோர்ட்டுக்குப் போகும்போது சத்தியம் செய்துவிட்டு நான் எதைச் சொல்வது? டொக்டர் பதிவே பறிபோகும். பிறகு சிவலிங்கமும் நானும் சேர்ந்து மருந்தடிக்கப் போக வேண்டியதுதான்.

இன்றைய திகதி போட்டு, இன்று பார்த்ததை எழுதினேன்: முதுகில் சீழ் பிடித்த காயங்கள், காய்ச்சல், மூன்று நாள் ஓய்வு, லொறி ஓட்டக்கூடாது. நோயை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “எழுதுங்க, முள்ளுன்னு மட்டும் போடாதீங்க” என்றார். போடவில்லை. தேர் நாளைப் பற்றித் தொரையிடம் அவரே போய் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றேன். மருந்தையும் கடதாசியையும் வாங்கிக்கொண்டு, சாவி போய்விட்ட முகத்தோடு இறங்கிப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால் இரண்டு பிளேட் சாப்பிட்டதாகச் சொல்வார். நம்பாதீர்கள்.

மறுநாள் தொரை போனில் கோல் எடுத்தார். சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார். சிவலிங்கத்தின் முதுகில் இருப்பது காவடி முள் குத்தின காயமா என்று கேட்டார். நோயாளி சம்மதமில்லாமல் மெடிக்கலில் உள்ளதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டேன் என்றேன். குரல் கம்பீரமாகத்தான் வந்தது. சொல்லிவிட்டுத்தான் மெடிக்கலின் நகலை எடுத்து, எங்கேயாவது முள் என்று எழுதித் தொலைத்திருக்கிறேனா என்று பார்த்தேன்.



“பரவாயில்ல டொக்டர். அவன் காலையில வந்து எல்லாத்தையும் சொல்லிட்டான். அந்த நாளைக்கு நீங்க மெடிக்கல் குடுத்திருந்தா, அவனையும் வேலைய விட்டு அனுப்பியிருப்பேன், உங்க மேலயும் மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதியிருப்பேன். நானும் தேர் பார்க்க வந்தேன். அவன் மேல தொங்கினான், நீங்க கீழ இழுத்தீங்க.”

தேர் நாளுக்குச் சம்பளம் இல்லை, ஆனால் சாவி சிவலிங்கத்துக்குத்தான் என்றார். தொரையைப் பயமுறுத்தியது வேறு விஷயம். அந்த முதுகோடும் காய்ச்சலோடும் தேருக்கு மறுநாள் சிவலிங்கம் கொழுந்து லொறியை மலையிலிருந்து இறக்கியிருக்கிறார். லீவு கேட்டபோதே கொடுத்திருக்கலாம் என்று தொரை மெதுவாகச் சொன்னார்.

பார்த்ததை மட்டும், பார்த்த நாளில் எழுதுங்கள். வேலை தருபவர் கேட்டாலும் நோயாளியின் ரகசியத்தைக் கொடுக்காதீர்கள். டொக்டர்களுக்கான நாற்பது பக்கச் சட்டத்தில் நான் தூங்கிவழிந்து படித்ததை ஒரு கொழுந்து லொறி டிரைவரின் முதுகில் முழித்துக்கொண்டு படித்தேன்.

காயத்துக்கு மருந்து கட்ட வந்த சிவலிங்கத்திடம், அடுத்த தேருக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன்.

“வேணாங்க டொக்டர்,” என்றார். “அடுத்த வருசம் தொரையே லீவு தர்றேன்னுட்டாரு. மேல தொங்கறப்ப தெரிஞ்ச தலை ஒண்ணு கீழ இருந்தா, மனசுக்குத் தெம்பா இருக்குங்க.”